மடத்துச் சுவர்களும் மாநகர வீதிகளும்

மார்பகப் புற்றுநோயைப் பற்றி இன்று மருத்துவ உலகம் அறிந்திருப்பவற்றுள் அடிப்படையான ஓர் உண்மை, முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் புலப்படவில்லை. இத்தாலிய நாட்டுக் கன்னியர் மடங்களில் புலப்பட்டது. மணவாழ்வைத் துறந்து, செபத்திலும் உழைப்பிலும் வாழ்ந்து மறைந்த பெயர் அறியாத துறவியரிடம் இந்நோய் மற்றப் பெண்களைவிட மிகுதியாகக் காணப்பட்டது ஏன் என்று ஒருவர் கேட்டார். முதல் குழந்தையை எந்த வயதில் பெற்றீர்கள், தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுத்தீர்கள் என்று இன்று சென்னையிலும் மும்பையிலும் மருத்துவர்கள் பெண்களைக் கேட்கிறார்களே, அந்தக் கேள்விகளுக்கு ஊற்றுக்கண் அதுவே. முந்நூறு ஆண்டுகளாகத் தொடரும் இவ்வரலாற்றை நம் இல்லங்களில் உள்ள பெண்களும், அவர்களோடு வாழும் ஆண்களும் அறிந்திருப்பது நன்று.

பதுவைப் பேராசிரியர்

நம் மக்கள் புனித அந்தோனியாரின் பெயரோடு சேர்த்தே அறிந்திருக்கும் பதுவை நகரில், 1700-ஆம் ஆண்டு முதல் 1714-இல் இறக்கும் வரை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி. தம் வீட்டுக் கழிவுக்குழியைத் துப்புரவு செய்த ஒரு தொழிலாளி, கண் எரிச்சலால் விரைந்து விரைந்து வேலை செய்ததைக் கண்டு இரங்கியதே அவருடைய ஆராய்ச்சிக்குத் தொடக்கம் என்பர். அன்று முதல் கொல்லர், குயவர், கண்ணாடித் தொழிலாளர், கல்தச்சர் எனப் பலருடைய பணியிடங்களுக்கும் நடந்து சென்று, எந்தத் தொழில் எந்த நோயைத் தருகிறது என்று குறித்து வைத்தார். நோயாளியிடம் பண்டைய மருத்துவர்கள் கேட்ட கேள்விகளோடு, ‘உம் தொழில் யாது?’ என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1700-இல் வெளிவந்து 1713-இல் விரிவாக்கப்பட்ட அவருடைய நூல், தொழில் சார்ந்த நோய்களைப் பற்றிய முதல் முழு நூலாக மதிக்கப்படுகிறது.

அந்நூலில் பாலூட்டும் செவிலித் தாயரைப் பற்றிய பகுதியில்தான் கன்னியரைப் பற்றிய செய்தி வருகிறது. இத்தாலிய நகரங்களில் கன்னியர் மடங்கள் பல உண்டு என்றும், இந்நோய் நுழையாத மடத்தைக் காண்பது அரிது என்றும் அவர் எழுதினார். கருப்பைக்கும் மார்பகத்துக்கும் இடையே மறைவான ஓர் உறவு இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அந்த உறவு எத்தகையது என்று விளக்க அக்கால அறிவு இடம் தரவில்லை. ஆயினும் அவர் சுட்டிய திசை தவறவில்லை.

ராமஸ்ஸினி கண்டதை மருத்துவர் அல்லாதாரும் கண்டிருந்தனர். பிரான்சு நாட்டு அரசர் பதினான்காம் லூயியின் அன்னை, ஆஸ்திரியாவின் ஆன், 1666-இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். தாம் சென்று தங்கிய மடங்களில் இந்நோயால் வருந்தி இறந்த துறவியரைக் கண்டு, தமக்கும் அது வருமோ என்று அவர் நெடுநாள் அஞ்சியிருந்ததை, அவருக்கு அணுக்கமாயிருந்த மோத்வில் அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். அரசியின் மஞ்சத்துக்கும் துறவியின் பாய்க்கும் அந்நோய் வேறுபாடு காட்டவில்லை.

வெரோனாவின் இறப்பேடுகள்

கண்ணால் கண்டதை எண்ணிக்கையால் நிறுவ இன்னொரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1842-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அதே பதுவை நகரில் இத்தாலிய அறிவியலாளர் மாநாடு ஒன்று கூடியது. அதில் தொமேனிக்கோ ரிகோனி ஸ்டெர்ன் என்னும் அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை வாசித்தார். வெரோனா நகரில் 1760 முதல் 1839 வரையிலான எண்பது ஆண்டு இறப்புப் பதிவேடுகளை அவர் புரட்டியிருந்தார். இறந்தவரின் வயது, மணமானவரா, கைம்பெண்ணா, துறவியா, எந்நோயால் இறந்தார் என்று எழுதப்பட்டிருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கணக்கிட்டார்.

கணக்கு இரண்டு செய்திகளைத் தந்தது. கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடம் மிகுதி, கன்னியரிடம் குறைவு. மார்பகப் புற்றுநோயோ கன்னியரிடம் மிகுதி. கருப்பையின் வாய்ப்பகுதியையும் உட்பகுதியையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை என்ற குறையைப் பிற்கால ஆய்வாளர் சுட்டியிருக்கின்றனர். குறை இருப்பினும், ஒரு நோய் யாரிடம் மிகுதி, யாரிடம் குறைவு என்று எண்ணிப் பார்ப்பதே அதன் காரணத்தை அறியும் வழி என்பதை அவர் செய்து காட்டினார்.

அந்த ஏடுகளில் வரி வரியாக எழுதியவர்களுக்குத் தம் எழுத்து ஒருநாள் மருத்துவத்துக்குப் பயன்படும் என்ற எண்ணம் இருந்திருக்க வழியில்லை. நம் பங்குகளில் திருமுழுக்கேட்டையும் இறப்பேட்டையும் காக்கும் பணியைச் சிலர் வெறும் எழுத்துவேலை என்று எண்ணுவதுண்டு. உண்மையாக எழுதி வைத்த ஓர் ஏடு, எழுதியவரைக் கடந்தும் வாழ்ந்து பிறர் உயிருக்கு உதவும் என்பதற்கு வெரோனா சான்று.

ஐந்நூறும் ஐந்நூறும்

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை அறிவியல் முறைப்படி எடுத்துக்கொண்டவர் ஒரு பெண்மணி. இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜேனட் லேன் கிளேப்பன், 1926-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். மார்பகப் புற்றுநோய் கண்ட 500 பெண்களையும், அந்நோய் இல்லாத 500 பெண்களையும் எடுத்துக்கொண்டு, இரு சாராரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு விடைகளை ஒப்பிட்டது அவ்வறிக்கை. இன்று உலகெங்கும் வழக்கிலுள்ள இத்தகைய ஒப்பீட்டு ஆய்வுக்கு முன்னோடி அதுவே. மணமாகாதவர்கள், காலந்தாழ்த்தி மணம் புரிந்தவர்கள், குறைந்த குழந்தைகளைப் பெற்றவர்கள், தாய்ப்பால் குறைவாகக் கொடுத்தவர்கள் ஆகியோரிடம் நோய் மிகுதி என்று அவர் கண்டார். 1929-இல் ஐம்பது வயதைக் கடந்த நிலையில் அவர் மணம் செய்துகொண்டபோது, மணமான பெண்களை அரசுப் பணியில் வைத்துக்கொள்ளாத அக்கால விதியால் தம் ஆராய்ச்சிப் பணியை விட்டு விலக நேர்ந்தது. பெண்களின் மணவாழ்வுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவரின் அறிவுப் பணியை அவருடைய மணமே முடித்து வைத்தது.

பின்னர் 1970-இல் பிரையன் மக்மஹோனும் அவருடைய தோழர்களும், பாஸ்டன், ஏதென்சு, டோக்கியோ, தைப்பே, சாவோ பாவ்லோ உள்ளிட்ட ஏழு இடங்களில் செய்த ஆய்வை வெளியிட்டனர். பதினெட்டு வயதுக்குள் முதல் குழந்தையைப் பெற்ற பெண்ணுக்கு உள்ள ஆபத்து, முப்பத்தைந்து வயதுக்குப் பின் பெற்றவருக்கு உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்று அவர்கள் கண்டனர். 2002-இல் முப்பது நாடுகளின் 47 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு மகப்பேறும் ஆபத்தை நூற்றுக்கு 7 பங்கும், தாய்ப்பால் ஊட்டிய ஒவ்வொரு பன்னிரண்டு மாதமும் நூற்றுக்கு 4.3 பங்கும் குறைப்பது தெரிய வந்தது. ராமஸ்ஸினியின் மறைவான உறவு எண்களாக மாறியது.

உறவின் தன்மையும் இதற்குள் விளங்கத் தொடங்கியிருந்தது. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சூலகங்களை அகற்றியபோது சிலரிடம் கட்டிகள் சுருங்கியதை 1896-இல் வெளியிட்டார். சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் முதலிய சுரப்புகள் மார்பகத் திசுக்களைத் தூண்டிப் பெருகச் செய்கின்றன என்று பின்னர்த் தெளிவாயிற்று. பூப்பெய்திய நாள் முதல் மாதவிடாய் நிற்கும் நாள் வரை மாதந்தோறும் இத்தூண்டுதல் நிகழ்கிறது. கருவுற்ற காலமும் பாலூட்டும் காலமும் அதற்கு இடைவெளி தருவதோடு, மார்பக உயிரணுக்களை முதிர்ச்சி அடையவும் செய்கின்றன. மடத்துத் துறவியருக்கு அந்த இடைவெளி ஒருபோதும் வாய்க்கவில்லை. 1969-இல் அமெரிக்க நாட்டுக் கத்தோலிக்கக் கன்னியர் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு வெளியிடப்பட்ட ஆய்விலும், முதிய வயதுக் கன்னியரிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் மற்றப் பெண்களைவிட மிகுதியாக இருந்தது.

நகரம் மாற்றிய வாழ்வு

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் மக்கள்தொகை அடிப்படையிலான முதல் புற்றுநோய்ப் பதிவகம் 1963-இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. அதன் கணக்குகளை ஆராய்ந்த மருத்துவர் ஜுசாவாலா, பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் நகரின் மற்றச் சமூகத்தாரைவிட மிகுதியாக இருப்பதைக் காட்டினார். கல்வியில் முந்தியும், மணத்தில் பிந்தியும், குழந்தைப்பேற்றில் குறைந்தும் இருந்த சமூகம் அது. ஐரோப்பிய மடங்களில் காணப்பட்ட அதே செய்தி, முற்றிலும் வேறான ஒரு வாழ்க்கை முறையில் மீண்டும் தலைகாட்டியது.

பார்சிப் பெண்களின் அன்றைய வாழ்க்கை இன்று நகரப் பெண்கள் அனைவரின் வாழ்க்கையாகி வருகிறது. 1982-இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சென்னை மாநகருக்கான பதிவகம் செயல்படத் தொடங்கியபோது, பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கே. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறங்கி, மார்பகப் புற்றுநோய் ஏறியது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவகத் திட்டத்தின் கணக்கில், வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்க்கையில், சென்னையில் ஆண்டுக்கு இலட்சம் பெண்களுக்கு 42 பேருக்கு மேல் இந்நோய் காண்கிறது. ஐதராபாத், பெங்களூர், தில்லி ஆகிய நகரங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சிற்றூர்ப் பதிவகங்களில் இந்த எண் மிகக் குறைவு.

இந்த அடையாறு நிலையமும் ஒரு துயரத்தில் விளைந்தது. மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனையை முப்பது ஆண்டுகள் மறவாமல் நெஞ்சில் சுமந்த அவர், பலரிடம் கையேந்தி, 1954-இல் அந்நிலையத்தைத் திறந்து வைத்தார். மறு ஆண்டில் அங்கே பணியில் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021-இல் மறையும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்து ஏழை நோயாளிகளுக்கு ஊழியம் செய்தார்.

நகர வாழ்வில் மாறியவை எவை? நல்ல ஊட்டத்தால் பெண் குழந்தைகள் முன்னதாகவே பூப்பெய்துகின்றனர். படிப்பும் வேலையும் மணத்தைத் தள்ளி வைக்கின்றன. ஒன்றிரண்டு குழந்தைகளோடு குடும்பம் நிறைவுறுகிறது. பணிக்குத் திரும்பும் அவசரத்தில் தாய்ப்பால் சில மாதங்களில் நின்றுவிடுகிறது. உட்கார்ந்த வேலையும், மாதவிடாய் நின்றபின் ஏறும் உடற்பருமனும், சிலரிடம் மதுப்பழக்கமும் சேர்ந்துகொள்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் சேர்த்து மாத்திரையாக நெடுநாள் உட்கொள்வதும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2002-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று உறுதி செய்தது. இவற்றோடு பரம்பரைக் கூறும் உண்டு. மேரி கிளேர் கிங் என்ற அறிவியலாளர் 1990-இல் சுட்டிக்காட்டிய மரபணுவும் அதை ஒத்த பிறவும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரின் நோய்க்குக் காரணம். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இளவயதில் இந்நோய் வந்திருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஒன்றை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்றுப்படி, இந்நோய் காண்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், பெண்ணாய்ப் பிறந்ததும் நாற்பது வயதைக் கடந்ததும் தவிர வேறு எந்தத் தனி ஆபத்துக் காரணியும் இல்லை. நான்கு பிள்ளைகளைப் பெற்றுப் பாலூட்டிய தாயும் தனக்கு வராது என்று இருந்துவிட முடியாது.

கட்டியைத் தேடிய கதை

காரணத்தை அறிந்தாலும் வாழ்க்கையைத் திருப்பி வைக்க இயலாது. ஆகவே நோயை முளையிலேயே கண்டறியும் முயற்சி தொடங்கியது. 1913-இல் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுத்த மூவாயிரம் மார்பகங்களை எக்ஸ்ரே படம் பிடித்துப் புற்றுக் கட்டியின் அடையாளங்களை விவரித்தார். யூதராகிய அவர் நாஜி ஆட்சியில் சிறைமுகாமில் துன்புற்று நாட்டைவிட்டுத் தப்பினார்; ஓவியக் கலைஞராகிய அவருடைய ஒரே மகள் சார்லட் 1943-இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவருடைய கண்டுபிடிப்பு நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1960-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ராபர்ட் ஈகன் அதைச் செம்மைப்படுத்தியபின்னரே மேமோகிராம் என்னும் மார்பகப் படமுறை பரவியது.

இப்படமுறை உயிரைக் காக்குமா என்று முதலில் சோதித்த இடம் நியூயார்க் மாநகரம். 1963-இன் இறுதியில் தொடங்கிய அந்த ஆய்வில், நாற்பது முதல் அறுபத்து நான்கு வயது வரையுள்ள ஏறத்தாழ 62,000 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஆய்வை நடத்தியவர்களுள் ஒருவரான பிலிப் ஸ்ட்ராக்சு, தம் மனைவியை இளவயதில் இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அலுவலகப் பெண்கள் உணவு இடைவேளையில் வந்து போகும்படி, எக்ஸ்ரே கருவி பொருத்திய ஊர்தியை வீதியிலேயே நிறுத்தி வைத்தார். கை பரிசோதனையும் படமும் பெற்ற குழுவில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பின்னர் கனடாவில் 1980-இல் தொடங்கிய பெரிய ஆய்வு அத்தகைய பயனைக் காணவில்லை. ஆகவே எந்த வயதில் தொடங்குவது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது என்பதில் வல்லுநரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. உயிருக்கு ஊறு செய்யாமலே இருந்திருக்கக்கூடிய சிறு புற்றுகளையும் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு ஆட்படுத்தும் இடர்ப்பாடும் அதில் உண்டு.

செலவு மிக்க கருவி இல்லாத நாடுகள் என் செய்வது? பெண்ணே தன் மார்பைத் தொட்டுப் பார்த்தால் போதாதா? இக்கேள்விக்கு விடை தந்தவர்கள் சீனாவின் ஷாங்காய் நகரத்து நெசவாலைப் பெண்கள். 1989 முதல் 1991 வரை, 519 ஆலைகளைச் சேர்ந்த 2,66,064 பெண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பாதி ஆலைகளில் மாதந்தோறும் தன்னைத்தானே பரிசோதிக்கும் முறையைக் கண்காணிப்புடன் கற்பித்து, அடிக்கடி நினைவூட்டினர். 2002-இல் முடிவு வெளியானபோது கற்றவர்களுள் இறந்தவர் 135 பேர். கல்லாத குழுவில் 131 பேர். வேறுபாடு இல்லை. தீங்கற்ற கட்டிகள் மிகுதியாகக் கண்டறியப்பட்டு, வேண்டாத ஊசியும் கத்தியும் கூடின. ஒரு பெண் தன் உடலை அறியாமல் இருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. தன் உடலில் புதிதாய்த் தோன்றும் மாற்றத்தை உணர்வதும், உணர்ந்தவுடன் மருத்துவரை நாடுவதும் என்றும் வேண்டும். ஆனால் மாதாந்தரப் பயிற்சியை மட்டும் கற்பித்து விட்டு, காப்பாற்றிவிட்டோம் என்று நிறுவனங்கள் ஓய்ந்துவிடக் கூடாது.

அடுத்த விடை மும்பைச் சேரிகளிலிருந்து வந்தது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில் முப்பத்தைந்து முதல் அறுபத்து நான்கு வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்பகம் கையால் பரிசோதிக்கப்பட்டது. பரிசோதித்தவர்கள் மருத்துவர் அல்லர். பள்ளிப் படிப்பு முடித்துச் சில வாரப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள். அவர்கள் வாசல் வாசலாகச் சென்று அழைத்தனர். இருபதாண்டுக் கணக்கு 2021-இல் வெளிவந்தது. பரிசோதனை பெற்றவர்களில் முற்றிய நிலையில் நோய் கண்டோர் நூற்றுக்கு 37, பெறாதவர்களில் 47. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்குட்பட்ட பெண்களிடம் மரணத்தில் தெளிவான குறைவு தெரியவில்லை. விலை உயர்ந்த கருவி ஒன்றும் இல்லாமல், பயின்ற கைகள் சாதித்தது இவ்வளவு. நடுவணரசு 2016-இல் வகுத்த நெறிமுறையும், முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இத்தகைய கை பரிசோதனையையே பரிந்துரைக்கிறது.

கட்டி எல்லாம் புற்றன்று

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம்பெண்களிடம் விரலுக்கு வழுக்கி ஓடும் நார்க்கட்டி மிகுதி. நடுவயதில் நீர்க்கட்டி தோன்றும். மாதவிடாய்க்கு முன் திரண்டு, பின் கரையும் தடிப்புகளும் உண்டு. எது எது என்று கையும் கண்ணும் மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. மருத்துவர் தொட்டுப் பார்ப்பது, ஸ்கேனோ மேமோகிராமோ எடுப்பது, ஊசியால் சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் காண்பது ஆகிய மூன்றும் ஒத்துப் போகும்போதே ஐயம் தீரும். வலி இல்லாததால் அஞ்ச வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது, தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. கெட்டியான, நகராத கட்டி, தோல் குழிவிழுதல், காம்பு உள்வாங்குதல், காம்பில் இரத்தம் கசிதல், அக்குளில் முடிச்சு ஆகியவை உடனே காட்ட வேண்டிய அடையாளங்கள்.

அஞ்சித் தாழ்த்துவதன் விலை என்ன? 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. அதே ஆண்டு ஏறத்தாழ 98,000 பெண்கள் அதனால் இறந்தனர். புதிய நோயாளர் இருவருக்கு ஒரு மரணம் என்ற கணக்கு. அமெரிக்காவில் அது ஆறு பேருக்கு ஒன்று. இரு நாட்டுப் பெண்களைத் தாக்குவதும் ஒரே பெயருள்ள நோய். இடையே நிற்பவை காலமும், பொருளும், பேச முடியாத கூச்சமும். அறிகுறியோடு ஒருவர் முதன்முதலில் மருத்துவ உதவியை நாடியதிலிருந்து அறுபது நாளுக்குள் நோய் இன்னதென்று உறுதிசெய்யப்பட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் இலக்கு வகுத்திருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை அறுபது நாட்கள், மகளின் திருமணம் முடியட்டும், பிள்ளையின் தேர்வு முடியட்டும் என்று கழிகின்றன!

காரணமும் குற்றமும்

இவ்வரலாறு முழுவதிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. காரணத்தைக் குற்றமாகப் படிக்கும் ஆபத்து. காலந்தாழ்த்தி மணம் செய்ததால் வந்தது, பால் கொடுக்காததால் வந்தது, வேலைக்குப் போனதால் வந்தது என்று நோயுற்ற பெண்ணின் படுக்கையருகே நின்று தீர்ப்பெழுதுவோர் உண்டு. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, ஆண்டவர் அக்கேள்வியையே ஏற்கவில்லை. வெரோனாவின் கன்னியர் தம் வார்த்தைப்பாட்டுக்காகத் தண்டிக்கப்பட்டார்களா? இல்லை. அவர்கள் தேர்ந்த வாழ்வு உயர்ந்தது, அந்த வாழ்வில் உடலுக்கு ஓர் இடர் இருந்தது, அவ்வளவே. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலையும் குயவரின் கையையும் பற்றி ராமஸ்ஸினி எந்த இரக்கத்தோடு எழுதினாரோ, அதே இரக்கத்தோடுதான் கன்னியரைப் பற்றியும் எழுதினார். அவர் கேட்டது ‘உம் தொழில் யாது?’ என்று, ‘உம் பிழை யாது?’ என்று அன்று.

காரணத்தை அறிவது, பிறர்மீது பொறுப்பைச் சுமத்த அன்று. நம் பொறுப்பை நாம் உணர. தாய்ப்பால் நீடிக்க வேண்டுமானால் தாய்க்கு விடுப்பும் இடமும் வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் இருபத்தாறு வார விடுப்பையும், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆயிரக்கணக்கான இளந்தாய்மார் பணிபுரிகின்றனர். சட்டம் கேட்பதற்கு முன்பே அன்பு கேட்க வேண்டிய இடம் அது. பிறர் நோயைக் காலமெல்லாம் கவனித்து, தம் நோயைக் காலமெல்லாம் ஒத்தி வைக்கும் அருட்சகோதரியரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனைக்கு வழிசெய்வது மடத்துத் தலைவியரின் கடமைகளுள் ஒன்றாக வேண்டும்.

கணவர்களுக்கும் மக்களுக்கும் ஒரு சொல். பன்னிரண்டு ஆண்டு பெரும்பாட்டால் வருந்திய பெண், கூட்டத்தில் மறைந்து வந்து மேலாடையின் ஓரத்தைத்தான் தொட்டார். தம் நோயை வெளியே சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஆண்டவர் அவரைத் தேடி நிறுத்தி, பேச வைத்து, ‘மகளே’ என்று அழைத்தார். வீட்டில் ஒரு பெண் தன் உடலில் ஏதோ மாற்றம் என்று தயங்கிச் சொல்லும்போது, பிறகு பார்க்கலாம் என்னாமல், நாளைக்கே போகலாம் என்று சொல்லும் குரல் அவருக்கு அருகில் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 5, மறைசாட்சி புனித ஆகத்தாவின் திருநாள். வதையில் மார்பு அறுக்கப்பட்டவர் என்று மரபு கூறும் அவரை, மார்பக நோயுற்றோர் தங்கள் பாதுகாவலியாகப் பலநூறு ஆண்டுகளாக வேண்டி வருகின்றனர். அந்த நாளில் ஒவ்வொரு பங்கிலும் அன்பியங்களும் மரியாயின் சேனையும் பெண்கள் பணிக்குழுவும் கூடி, பயிற்சி பெற்ற ஒரு செவிலியரை அழைத்து, முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு ஒரு மணி நேரப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். மும்பைச் சேரிகளில் பயின்ற கைகள் செய்ததை நம் பங்கு மண்டபங்களிலும் செய்ய முடியும்.